குட்டியானையும் புல்லட்டும்

ஊரில் வழங்கும் வண்டிப் பெயர் சில சமயம் வண்டியோடு நின்றுவிடும். சில சமயம் சொந்தக்காரர் பெயருக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளும். திருவண்ணாமலை மாவட்டத்தின் படவேடு, சந்தவாசல், ஆரணி வட்டாரத்தில் முதல் வகைக்குக் குட்டியானை, இரண்டாவதற்குப் புல்லட்.

‘ஏஸ்’ என்ற பெயரில் டாடா 2005இல் இறக்கிய சரக்கு வண்டிதான் குட்டியானை. இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின், முக்கால் டன் பாரம். லாரி நுழையாத நெசவாளர் தெருவிலும் நுழைந்து திரும்பும். படவேட்டு வாழைத்தார், பிரித்துக் கட்டிய தறி, கல்யாண வீட்டு வாடகைப் பாத்திரம் எல்லாம் அதில்தான் போகின்றன. முகத்தில் யானை ஜாடை எதுவும் கிடையாது. அது சுமப்பதைப் பார்த்து வைத்த பெயர். வடக்கேயும் ‘சோட்டா ஹாத்தி’ என்றார்கள். கம்பெனியே பிறகு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. சொந்தக்காரர் காசு கொடுத்து முன்கண்ணாடியில் ‘ரேணுகாம்பாள் துணை’ என்று எழுதி வைத்திருப்பார். ஆனால் "ஒரு குட்டியானை சொல்லிவிடுப்பா" என்றுதான் கேட்பார்கள். 2011இல் வந்த அசோக் லேலண்ட் ‘தோஸ்த்’ இதைவிடப் பெரியது. அவசரத்துக்கு அதையும் குட்டியானை என்றே சொல்லிவிடுகிறவர்கள் உண்டு.

ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது ‘குட்டியானைக்காரர்’ என்ற பட்டம். பால்காரர், பூக்காரர் மாதிரி அது தொழிலைச் சொல்வது. வண்டியை விற்றால் பட்டமும் வாங்கியவரிடம் போய்விடும்.

புல்லட் ஊர் வைத்த பெயரில்லை. ராயல் என்ஃபீல்டு 1932இல் இங்கிலாந்தில் வைத்தது. சென்னையில் அந்த வண்டியின் பாகங்களைப் பூட்டத் தொடங்கியது 1955இல். ஆனால் தெருவில் மூன்று குமார் இருந்தால், "எந்த குமார்?" என்ற கேள்விக்கு "புல்லட் குமார்" என்று பதில் வரும். குட்டியானை குமார் என்று யாரும் சொல்வதில்லை. காரணம் வெறும் கௌரவம் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கிளப்புவதற்கு டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெல்ல மிதித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, டீகம்ப்ரசரை விட்டுவிட்டு ஓங்கி உதைக்க வேண்டும். பதம் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். அதனால் யாரும் இரவல் கேட்கவில்லை. ஒரு வண்டி, ஒரே ஆள். சத்தமும் தெருமுனையிலேயே வருவது யாரென்று சொல்லிவிடும்.

பிழைப்புக்கு ஓட்டும் வண்டி ஆள் பெயரோடு ஒட்டாது என்பதை, தொடர் கொலைகாரன் ஆட்டோ சங்கர் பெயரைச் சொல்லி மறுக்கலாம். ஆனால் அவன் பிரபலமானது ஆட்டோ ஓட்டியதற்காக இல்லை.

ஜெர்மனியிலும் இப்படி இரண்டு உண்டு. ஃபோக்ஸ்வாகனை மக்கள் ‘வண்டு’ என்றார்கள், கம்பெனி பின்னால் ஏற்றுக்கொண்டது. நம் குட்டியானைக் கதைதான். 1970 முதல் 1988 வரை வந்த ஓப்பல் மாண்டா விஷயத்தில் ஜனங்கள் காரை விட்டுவிட்டு ஓட்டுகிறவரைப் பிடித்துக்கொண்டார்கள். மாண்டாக்காரர் ஜோக்குகள் பெருகி, 1991இல் சினிமாவே வந்தது. அங்கே ஏளனம்; இங்கே புல்லட்டுக்கு முக்கால் பங்கு மரியாதை, கால் பங்கு கேலி.

இப்போது பொத்தானை அழுத்தினால் கிளம்பும் புல்லட் தெருவுக்கு நாலு நிற்கிறது. வாங்கிய பையன்கள் யாருக்கும் அந்தப் பட்டம் ஒட்டவில்லை. பழைய குமார் வண்டியை விற்றுவிட்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் நூல் மூட்டை கொண்டுபோகிறார். அவர்தான் இன்னும் புல்லட் குமார்.