ஐம்பத்தொன்பது, இருபத்திரண்டு

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில், உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலிக்காரர்கள் 48 மணி நேரம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தன் அழைப்புக்குறி, பிறகு 59, பிறகு தான் இருக்கும் மண்டலத்தின் எண். இந்தியப் பெருநிலத்திலிருந்து பேசுகிறவருக்கு அது 22. 59 என்றால் ‘உங்கள் குரல் தெளிவாகவும் பலமாகவும் வருகிறது’ என்று பொருள். இரைச்சலில் பாதி கரைந்துபோன குரலுக்கும் 59தான் கொடுப்போம். அது ஒரு மரியாதை. பத்து விநாடிதான், அடுத்த ஆளுக்குப் போய்விட வேண்டும்.

‘இதுல என்னப்பா இருக்கு, வாட்ஸாப்ல ஒரு ஹாய் போட்டா போதாதா?’ என்று அலுவலகத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பத்து விநாடியில் செய்தி என்று எதுவுமே கிடையாது. ‘நான் இங்கே இருக்கிறேன், நீ இருப்பது கேட்கிறது’ என்பதைத் தாண்டி ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொல்ல யாருக்கு அனுமதி இருந்தது என்று பார்த்தால் அது பெரிய கதை.

சென்ற போட்டிக்கு நானும் இரண்டு நண்பர்களும் செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கம் சீயமங்கலத்துக்குக் காரில் போனோம். நகரத்தில் எல்.இ.டி. பல்பும் இன்வெர்ட்டரும் கிளப்பும் இரைச்சலில் மெல்லிய சிக்னல் எதுவும் காதில் விழாது. 100 வாட் செட், அனுப்பும்போது கார் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் இழுக்கும். 40 மீட்டர் அலைக்குக் கால் அலை ஆன்டெனா என்றால் 10 மீட்டர் உயரம். காரின் மேல் நிற்பதோ இரண்டு மீட்டர் கம்பி. மீதியைச் சுருள் கட்டி ஈடுகட்ட வேண்டும், சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். அதனால் வண்டியை ஓரங்கட்டி, தூண்டில் கழியில் கம்பியை ஏற்றினோம்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். ‘டவர் வைக்கிறீங்களா தம்பி?’

‘இல்லைங்கய்யா, ஜப்பான்காரர் ஒருத்தர்கிட்ட பேசுறோம்.’

‘அவருக்கு உங்களத் தெரியுமா?’

‘தெரியாதுங்க.’

‘அப்ப எதுக்குப் பேசுறாரு?’

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஊரில் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. அதன் வடமொழிக் கல்வெட்டு நீளமானதல்ல. லலிதாங்குரன் என்ற அரசன் இந்த அவனிபாஜன பல்லவேசுவரத்தை எடுப்பித்தான், அவ்வளவுதான். யார், எங்கே. கிட்டத்தட்ட எங்கள் பத்து விநாடிதான். ஆனால் பாறையில் அதைப் பொறிக்க அரசனாக இருக்க வேண்டியிருந்தது. உளி பிடித்தவனின் பெயர் அதில் இல்லை.

வானலைக்கும் அப்படி ஒரு பூட்டு இருந்தது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னையில் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அந்த ஜூலை 31 முதல் ஒலிபரப்பினார்கள். அரசாங்க வானொலி வருவதற்கு வெகுகாலம் முன்பே ஆர்வலர்கள் செய்த வேலை அது. 1927இல் பணமில்லாமல் நின்றது. 1939இல் போர் வந்ததும் அமெச்சூர் உரிமங்களை அரசு ரத்து செய்தது; கருவிகளை ஒப்படைக்கச் சொன்னது.

1942 ஆகஸ்டில் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் காங்கிரஸ் ரேடியோவை ரகசியமாக நடத்தினார்கள். அதன் டிரான்ஸ்மிட்டரைக் கட்டியவர் நரிமன் பிரின்டர் என்ற பழைய அமெச்சூர்காரர். போலீஸிடம் சிக்காமலிருக்க நிலையத்தை வீடு வீடாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நகர்கிறோம். அவர்கள் இடம் தெரியாமலிருக்க நகர்ந்தார்கள். அந்த நவம்பரில் பிடிபட்டார்கள். காட்டிக்கொடுத்ததும் பிரின்டர்தான். உஷா மேத்தாவுக்கு நான்காண்டு சிறை.

விடுதலைக்குப் பிறகும் எல்லா இடமும் திறந்துவிடவில்லை. அந்தமானிலிருந்து பல ஆண்டுகள் அமெச்சூர் குரலே இல்லை. 2004 டிசம்பரில் அனுமதி கிடைத்து, பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனக் குழு போர்ட் பிளேர் போனது. அவருடைய அழைப்புக்குறி வி.யு.4.ஆர்.பி.ஐ. அரிய இடம் என்பதால் உலகமே வரிசையில் நின்றது. அதே 59, அதே பத்து விநாடி, ஆயிரக்கணக்கில்.

டிசம்பர் 26 காலை நிலம் ஆடியது. பிறகு கடல் வந்தது. தொலைபேசிகள் செத்துப்போயின. விளையாட்டுக்கு நட்ட அந்த ஆன்டெனாதான் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் பாலமானது. இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்னார் இங்கே இருக்கிறார் என்ற தகவல்கள் அதன் வழியே போயின. நெரிசலில் ஒரு மெல்லிய குரலைப் பிரித்தெடுப்பது, பெயரைத் தப்பில்லாமல் வாங்குவது, உடனே அடுத்த ஆளுக்குப் போவது: போட்டிகளில் வெற்றுப் பேச்சை வைத்துப் பழகியது அதைத்தான்.

பெரியவரின் கேள்விக்கு என் பதில் இதுதான். தெரியாதவரிடம் பேசிப் பழகியிருந்தால்தான் தெரியாதவர் கூப்பிடும்போது நமக்குக் கேட்கும். இன்று 12 வயது நிரம்பிய யாரும் தேர்வெழுதி அந்த உரிமத்தை வாங்கலாம். அரசனாக இருக்கத் தேவையில்லை.