எஃப் கார்டு ஏன் இவ்வளவு படுத்துது?

மறைமலைநகர்ல இருந்து பேசுறேன். கிட்டார் வாங்கினப்போ எனக்கு ஒரே ஒரு ஆசைதான். 1982-ல வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துல 'இளைய நிலா' பாட்டுல வர்ற அந்த கிட்டாரை ஒருநாள் வாசிச்சுடணும். சி கார்டு, ஜி கார்டு எல்லாம் சமாளிச்சுட்டேன். எஃப் வந்துச்சு. ஆட்காட்டி விரலைப் படுக்கவச்சு ஆறு கம்பியையும் அமுக்கினா 'டொக்'னு செத்த சத்தம்தான் வருது. இருபது வயசு தாண்டிட்டா இதெல்லாம் வராதோன்னு கிட்டாரை உறையில போட்டு மூடிட்டேன்.

அப்புறம்தான் இதோட வரலாற்றைத் தேடினேன். தப்பு முழுக்க நம்ம விரல் மேல இல்லைங்க.

ஸ்பெயின்ல ஹுவான் கார்லோஸ் அமாட்னு ஒரு டாக்டர். 1596-ல கிட்டாருக்கு ஒரு சின்ன கையேடு எழுதினார். கார்டுகளுக்கு நம்பர் போட்டு, புதுசா கத்துக்கிறவங்களுக்குப் புரியுற மாதிரி. அந்தக் காலத்து கிட்டார்ல அஞ்சு ஜோடிக் கம்பிதான். ஆறாவது, அதாவது கீழ் ஸ்தாயி 'இ' கம்பி, பதினெட்டாம் நூற்றாண்டு முடியுற சமயத்துலதான் வந்து சேர்ந்துச்சு.

இன்னைக்கு கிட்டாரைச் சும்மா மீட்டினா வர்ற ஸ்வரங்கள் இ, ஏ, டி, ஜி, பி, இ. ஜி கார்டுக்கு வேணும்கிற ஜி, பி, டி மூணுமே அதுலேயே இருக்கு. எஃப் கார்டுக்கு எஃப், ஏ, சி வேணும். அதுல 'ஏ' மட்டும்தான் இருக்கு. மிச்சத்தை எல்லாம் விரல்தான் சுமக்கணும். ஹார்மோனியத்துல இந்த வித்தியாசமே கிடையாது. சி-யும் மூணு வெள்ளைக் கட்டை, எஃப்-பும் மூணு வெள்ளைக் கட்டை.

ஹார்மோனியம்னு சொன்னதும் இளையராஜா ஞாபகம் வராம இருக்குமா? 1943-ல பண்ணைப்புரத்துல பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனோட குழுவுல ஊர் ஊரா வாசிச்சவர். 1968 வாக்குல சென்னைக்கு வந்து, மயிலாப்பூர்ல தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசையை முறையா படிக்க ஆரம்பிச்சார். அப்போ அவருக்கு 25 வயசு. இங்க இருந்தபடியே லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியோட கிளாசிக்கல் கிட்டார் தேர்வுல தங்கப் பதக்கம் வாங்கினார். சலில் சௌத்ரி மாதிரி இசையமைப்பாளர்களுக்கு கிட்டார் வாசிச்சார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல. மேடை அனுபவம் அவ்வளவு இருந்தும் திரும்ப மாணவனா உட்கார்ந்தாரே, அதுதான் என்னை உலுக்குச்சு.

கிட்டாரை மறுபடி வெளியே எடுத்தேன். ரெண்டு விஷயம் உதவுச்சு. ஒண்ணு, எஃப்-ல ஆட்காட்டி விரல் ஆறு கம்பியையும் சமமா அமுக்கத் தேவையில்லை. 6, 2, 1 நல்லா பதிஞ்சா போதும், நடுவுல இருக்கிற மூணையும் மத்த விரல்கள் பார்த்துக்கும். விரலைக் கொஞ்சம் சாய்ச்சு, அதோட பக்கவாட்டு ஓரத்தால ஃப்ரெட்டை ஒட்டி அமுக்கணும். ரெண்டாவது, அதே வடிவத்தை முதல்ல அஞ்சாவது ஃப்ரெட்ல வச்சுப் பழகணும். முதல் ஃப்ரெட் பக்கம் கம்பி விறைப்பா இருக்கும், அஞ்சாவதுல ஈஸியா பதியும். அங்கிருந்து ஒவ்வொரு படியா இறங்கி வரலாம்.

நான் இப்போ ரெண்டாவது ஃப்ரெட் வரைக்கும் வந்திருக்கேன். இன்னும் ஒரே ஒரு படி. நீங்களும் உறைக்குள்ள ஒரு கிட்டாரை வச்சிருந்தா, இன்னைக்கு ராத்திரி வெளியே எடுங்க.