ஓலைச்சுவடியிலிருந்து தங்கசாலைத் தெருவுக்கு



புத்தளம், முந்தல், கற்பிட்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் நைந்துபோன தமிழ் நூலொன்றைப் புரட்டினால், முதற்பக்கத்தில் 'சென்னபட்டணம்' என்ற பெயரைக் காண நேரலாம். அந்தப் பட்டணத்தில் நூல்கள் எங்கே அச்சாகின, எங்கே விலைபோயின என்று இன்று பார்ப்போம்.

1761இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த அச்சு இயந்திரமும் அவர்கள் வசமாயிற்று. அது வேப்பேரியில் பப்ரீஷியஸ் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பெனியாரின் வேலைகளையும் அச்சிட்டுத் தரவேண்டும் என்பது நிபந்தனை. ஆக, சென்னையில் அச்சுத்தொழில் பாதிரிமாரையும் அரசாங்கத்தையும் சார்ந்தே தொடங்கியது. 1812இல் திருக்குறள் அச்சேறியது அக்காலத்தின் அரும்செயல்.

1835இல் அச்சகங்களுக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கிற்று. அதன்பின் நம்மவரின் அச்சுக்கூடங்கள் பெருகின. கோட்டைக்கு வடக்கே வணிகர் வாழ்ந்த தெருக்கள் புத்தகத் தெருக்களாயின. அவற்றுள் தங்கசாலைத் தெரு நம் நாட்டுடன் நெருங்கிய உறவுடையது. 1849இல் சென்னை சென்று அச்சு இயந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய ஆறுமுக நாவலர், பின்னர் அத்தெருவிலும் அச்சுக்கூடம் நடத்தினார். சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்ததும் சென்னையிலேதான்.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அது ஏட்டிலேயே வாழ்ந்தது. கட்டுப்பாடு நீங்கி ஏழே ஆண்டுகளில், 1842இல், புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அதை அச்சேற்றினார். கறையான் அரித்தால் ஓர் ஏடு ஒரேயடியாக அழியும். அச்சுநூலுக்கோ பல வீடுகளில் பல உயிர்.

ஏழைகளுக்கும் இவ்வணிகத்தில் இடமிருந்தது. காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் குஜிலிக் கடைகளிலிருந்து ஊரெங்கும் பரவின. 1900இல் திறந்த மூர் மார்க்கெட் பழைய நூல்களின் புகலிடமாயிற்று. 1985இல் அது தீக்கிரையானது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1981இல், யாழ்ப்பாண நூலகத்தின் நெருப்பை நாம் கண்டிருந்தோம்.

நேயர்களே, பெரிய நூலகங்கள் எரிந்தபின்னும் வீட்டுப் பெட்டிகளில் சில பிரதிகள் மிஞ்சுகின்றன. உங்கள் வாப்பாவின் பெட்டியில் அட்டையில்லாத புத்தகம் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அச்சகத்தின் பெயர், தெரு, பதிப்பித்தவர், பொருளுதவி செய்தவர் எல்லாம் அதன் முதற்பக்கத்தில் இருக்கக்கூடும். அந்த ஒரு தாள் போனால் ஒரு தெருவின் சரித்திரமே போய்விடும்.