தோணியைத் தின்ற புழுவும் தேம்ஸ் சுரங்கமும்

எங்க தாத்தா தூத்துக்குடியில தோணி வச்சிருந்தவர். புயலைவிட அவர் அதிகமாத் திட்டினது கப்பல் புழுவைத்தான். வெளியே ஊசித்துளை தெரியும். பலகையைப் பிளந்தா உள்ளே முழுக்கக் குடைஞ்சிருக்கும்.

பேர்தான் புழு. உண்மையில் அது நம்ம முத்துச்சிப்பிக்குச் சொந்தக்காரன். தலையில் இருக்கும் சின்ன ஓடுகளால் மரத்தை அராவிக்கொண்டே போகும். குடைந்த வழியில் சுண்ணாம்புப் பூச்சு பூசிக்கொள்ளும்.

இந்த வித்தையைக் கவனித்தவர் மார்க் புருனெல். 1818-ல் சுரங்கம் தோண்டும் கேடயத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1825-ல் லண்டன் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் வேலை தொடங்கியது. இரும்புக் கூண்டின் அறைகளில் 36 பேர் நின்று மண்ணை வெட்ட, பின்னால் கொத்தனார்கள் செங்கல் கட்டிக்கொண்டே வந்தார்கள். 1828 ஜனவரியில் ஆறு உள்ளே புகுந்து 6 பேர் செத்துப்போனார்கள். பிறகு ஏழு வருஷம் வேலையே நடக்கவில்லை. 1843-ல்தான் திறந்தார்கள். 1869-லிருந்து அதில் ரயிலும் ஓடுகிறது.

2017-ல் சென்னை மெட்ரோ பூமிக்கடியில் ஓட ஆரம்பிச்சது. அங்கே குடைந்த இயந்திரங்களுக்கும் அதே சூத்திரம்தான்: முன்னால் குடை, பின்னால் கான்கிரீட் வளையம் மாட்டு.

தாத்தா இருந்து இதைச் சொல்லியிருந்தா, "அந்தப் படிப்புக்குச் செலவு என் தோணிதானாக்கும்"னு கேட்டிருப்பார். நியாயமான கேள்விதானே மக்களே?