வீசம் ஏக்கர்

போன மாதம் வீட்டுப் பின்புறத்தைச் சுத்தம் பண்ணினேன். வேலையிடத்து நண்பர்கள் ரொம்ப நாளாக பார்பிக்யூ கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் கோடைகாலத்தில் செய்வதை, கோடையே இல்லாத கூலாயில், எந்த மாதம் மழை குறையும் என்று பார்த்துச் செய்கிறோம். லாலானை வெட்டினேன், செங்கல் அடுக்கினேன், கரி மூட்டை வாங்கி வைத்தேன். வேலியோரம் நின்ற மரவள்ளியைப் பிடுங்கப் போனபோதுதான் பாட்டி வெளியே வந்தார்.

"தோட்டத்துல என்னடா பண்ற?"

"தோட்டமா? இது பத்தடி பாட்டி."

இந்த நாட்டில் தோட்டம் என்றால் எஸ்டேட். பாத்தி கட்டிக் கீரை போடும் இடத்துக்கும் அதே சொல்தான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்துபோனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1923-இல் கூட்டு மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டம், குடும்பம் உள்ள தொழிலாளிக்குக் காய்கறி போடவும் மாடு மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னது. பழைய தமிழ்க் கணக்கில் வீசம் ஏக்கர். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய 2,700 சதுர அடி. நான் வங்கிக்கடன் கட்டும் டெரஸ் வீட்டின் நிலம் மொத்தமே 20க்கு 70. லயத்துக் கூலிக்குச் சட்டம் சொன்ன இடம், எஞ்சினியர் வாங்கிய இடத்தைப் போல இரண்டு மடங்கு.

பொறாமைப்பட அவசரப்பட வேண்டாம். அந்த மண்ணுக்குப் பட்டா கிடையாது. வேலை போனால் வீடும் போகும், பாத்தியும் போகும். சம்பளம் போதாத இடத்தைக் கீரையும் கோழியும் நிரப்பிக்கொடுத்ததால், சம்பளத்தை உயர்த்தாமல் இருக்க துரைக்கும் அது வசதி. 1930களின் ஆரம்பத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் நட்ட முருங்கை இங்கேயே நின்றுவிட்டது.

பிறகு ஜப்பான்காரன் காலம். 1942 ஜனவரியில் ஜொகூர் அவர்கள் கைக்குப் போனது. பர்மா அரிசி வரத்து அற்றுப்போக, பூச்செடி நின்ற இடத்தில்கூட மரவள்ளி நட்டார்கள். தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன வருடங்களும் அவைதான். பாட்டி அப்போது கைக்குழந்தை. அவருடைய அம்மா அதன்பின் சாகும்வரை மரவள்ளியைத் தொட்டதில்லையாம். ஆனால் எந்த லயத்துக்கு மாறினாலும் முதல் வேலையாக நாலு குச்சி நட்டுவிடுவாராம். "எதுக்கும் இருக்கட்டும்னு."

பாட்டிக்கே நினைவிருப்பது அவசரகாலம். 1948 ஜூனில் அறிவித்தார்கள், 1960 ஜூலையில்தான் முடிந்தது. பிரிக்ஸ் திட்டம் 1950 ஜூனில் ஜொகூரில்தான் தொடங்கியது. காட்டோரம் இருந்த சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடிவைத்தார்கள். கூலாயிலும் அப்படி உருவான கிராமங்கள் உண்டு. தோட்டத்து லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து வேலி போட்டார்கள். நோக்கம் சோறு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போகக்கூடாது. கடையில் டின் வாங்கினால் அங்கேயே துளை போட்டுத்தான் கொடுப்பார்கள், பதுக்கிவைக்க முடியாதபடி. காலையில் பால்வெட்டப் போகும்போது கேட்டில் சோதனை. பாட்டியின் அம்மாவுடைய தூக்குச்சட்டியைத் திறந்து குச்சியால் கிளறுவார்களாம்.

காட்டுக்குள்ளும் தோட்டங்கள் இருந்தன. கொரில்லாக்கள் போட்ட காய்கறிப் பாத்திகளைத் தேடி 1953-இல் ஹெலிகாப்டரிலிருந்து களைக்கொல்லி தெளித்தது ஆங்கிலேய விமானப்படை. பின்னாளில் வியட்நாமில் அமெரிக்கா பெரிய அளவில் செய்ததற்கு இது முன்மாதிரி. நம் பாடப்புத்தகத்தில் பிரிக்ஸ் திட்டத்துக்கு ஒரு பத்தி இருந்தது. பாத்திகளைப் பற்றி ஒன்றும் படித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வேலி போனது, துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரன் தோட்டங்களை விற்க விற்க, வாங்கியவர்கள் கூறுபோட்டார்கள். அதைத் தடுக்கத்தான் 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்றார். வாங்கவும் செய்தார்கள். பாட்டி வேலை செய்த தோட்டம் அந்தக் கணக்கில் வரவில்லை. ரப்பர் செம்பனையானது, செம்பனை தாமான் ஆனது. ஈட்டுத்தொகையாக ஒரு காசோலை கொடுத்தார்கள். பாத்திக்கும் பலா மரத்துக்கும் அதில் கணக்கு இல்லை.

"புடுங்குறதா இருந்தா குச்சிய எறிஞ்சிடாத" என்றார் பாட்டி.

பிடுங்கினேன். இரண்டு கிழங்கு இருந்தது. சனிக்கிழமை ராத்திரி கோழி இறங்கியபின் கரியில் சுட்டோம். நண்பர்கள் சம்பலில் தொட்டுத் தின்றார்கள். பாட்டி ஒரு துண்டு எடுத்துப் பிய்த்துப் பார்த்து, வெந்திருக்கு என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை, செங்கல் அடுப்புக்குப் பின்னால் இருந்த ஒன்றரை அடியில் நாலு குச்சி நட்டோம். கிழங்கு வைக்க எட்டு, ஒன்பது மாதமாவது ஆகும்.