பி.எச்.பி வலைச் செயலிகளை நிறுவுதல்

பி.எச்.பி என்பது வலை வழங்கியில் இயங்கும் ஒரு நிரல்மொழி ஆகும். இம்மொழியில் எழுதப்பட்ட செயலியொன்றை நிறுவுவதென்பது பெரும்பாலும் கோப்புகளை உரிய அடைவில் இடுதல், தரவுத்தளம் ஒன்றை உருவாக்குதல், அமைவுகளைத் திருத்துதல் ஆகிய மூன்று வேலைகளே. மீடியாவிக்கி, வேர்ட்பிரஸ் முதலியன இவ்வாறே நிறுவப்படுகின்றன. இந்த எளிமை மொழியின் பரவலுக்குக் காரணமாயிற்று. பல பாதுகாப்புக் குறைகளுக்கும் அதுவே காரணம் எனலாம்.

வரலாறு

ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1994 இல் தமது சொந்த வலைப்பக்கத்துக்காக எழுதிய சிறு நிரல்களிலிருந்து இம்மொழி வளர்ந்தது. அவை 1995 ஜூனில் பொதுவில் வெளியிடப்பட்டன. 1998 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பின் மையப்பகுதியை ஆண்டி குட்மன்ஸ், சீவ் சுராஸ்கி ஆகியோர் புதிதாக எழுதினர்.

இயங்கும் முறை

உலாவி ஒரு பக்கத்தைக் கோரும்போது, அப்பாச்சி போன்ற வழங்கி மென்பொருள் கோப்புப் பெயரின் நீட்சியைப் பார்க்கிறது. அது பி.எச்.பி நீட்சியாயின் கோப்பை நிரல் இயக்கியிடம் ஒப்படைத்து, விளைவாகக் கிடைக்கும் எச்.டி.எம்.எல் உரையை மட்டும் அனுப்புகிறது. மூல நிரல் பயனருக்குத் தெரிவதில்லை.

இவ்விணைப்பு அறுந்தால் நிலைமை மாறிவிடும். வழங்கியை மேம்படுத்தும்போது பி.எச்.பி கூறு விடுபட்டுப்போனால், கோப்பு வெறும் உரையாகக் கருதப்பட்டு அப்படியே அனுப்பப்படலாம். தரவுத்தளக் கடவுச்சொல் அக்கோப்பில் இருந்தால் அதுவும் வெளிப்படும். பழைய படியொன்றை வேறு நீட்சியுடன் அதே அடைவில் சேமித்து வைத்தாலும் இதே இடர் உண்டு. எனவே கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை வலையில் அணுகக்கூடிய அடைவுக்கு வெளியே வைப்பதே சிறந்தது.

அமைவுக் கோப்பு

பி.எச்.பி.இனி என்னும் கோப்பே மொழியின் நடத்தையைத் தீர்மானிக்கிறது. இதிலிருந்த ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்னும் அமைவு குறிப்பிடத்தக்கது. இது இயக்கத்தில் இருந்தால் முகவரிப் பட்டையில் பயனர் தரும் எந்தப் பெயரும் நிரலில் ஒரு மாறியாகிவிடும். நிருவாகி என்பதைக் குறிக்கும் மாறிக்கு நிரலர் தொடக்க மதிப்புத் தராமல் விட்டிருந்தால், முகவரியுடன் அம்மாறியின் பெயரையும் 1 என்ற மதிப்பையும் சேர்த்து எவரும் நிருவாகியாக நுழைய முடிந்தது.

2002 இல் வெளிவந்த 4.2.0 பதிப்பில் இது இயல்பாக அணைக்கப்பட்டது. பழைய செயலிகள் பல இயங்காமற்போகவே, குறையைத் திருத்தாமல் அமைவை மீண்டும் இயக்கிக்கொண்டவர்களும் பலர். 2012 இல் வெளியான 5.4 பதிப்பில் இவ்வமைவு முற்றிலும் நீக்கப்பட்டது.

பிழைச் செய்திகளைத் திரையில் காட்டும் அமைவு உருவாக்கத்தின்போது பயன்தரும். பொதுப் பயன்பாட்டில் உள்ள தளத்தில் அதை அணைத்து, பிழைகளைப் பதிவுக் கோப்பில் எழுதச் செய்யவேண்டும். பயனர் படங்களைப் பதிவேற்றும் அடைவில் நிரல்கள் இயங்காதவாறு தடுப்பதும் இன்றியமையாதது. இல்லையேல் படம் என்ற பெயரில் நிரலையே பதிவேற்றி இயக்கிவிடலாம். அடைவு அனுமதியை 777 ஆக்கிவிடுவது பிழையை மறைக்கும் எளிய வழி. ஆனால் அது வழங்கியில் கணக்குள்ள எவரும் அங்கு எழுத வழிவிடுகிறது.

தமிழ் உரை

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 8.0 பதிப்பு (2018) வரும் வரை இலத்தீன்-1 இயல்பான குறிமுறையாக இருந்தது. அதை மாற்றாமல் தமிழ் உரையைச் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே பதிவாகக்கூடும்; அவ்வாறு பதிவானதைப் பின்னர் மீட்க இயலாது. நீளம் அளக்கும் அடிப்படைச் செயற்கூறும் பைட்டுகளையே எண்ணுகிறது. யு.டி.எஃப்-8 குறிமுறையில் "அம்மா" என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு அது 15 என விடை தரும். பல்பைட்டுச் செயற்கூறோ 5 என்கிறது, ஏனெனில் புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணுகிறது.