சத்தம் வேறு, வேகம் வேறு



பழைய பந்தய மோட்டார் சைக்கிள்களைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, பளபளவென்று ஓட்டிப் பார்க்கிறவர்கள் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் இவர்களில் பலரிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டால் வண்டி வேகமாக ஓடும், சத்தம் கூடினால் சக்தியும் கூடும் என்பதுதான் அது. இது உண்மையா? வரலாற்றையே கேட்டுப் பார்ப்போம்.

உலகிலேயே மோட்டார் பந்தயத்துக்கென்று கட்டப்பட்ட முதல் தடம் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ். திறக்கப்பட்ட ஆண்டு 1907. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் சத்தம் தாங்காமல் தொடக்கத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இரவில் பந்தயம் கூடாது என்று ஆகிவிட்டது. 24 மணி நேரப் பந்தயத்தைக்கூட 1929இல் பகலில் 12 மணி, மறுநாள் பகலில் 12 மணி என்று பிரித்துத்தான் நடத்த முடிந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு, 1920களின் நடுவில், ஒவ்வொரு பந்தய வண்டிக்கும் பெரிய தகர டப்பா போன்ற சைலன்சர் கட்டாயமாக்கப்பட்டது.

அதோடு வேகம் செத்துப் போனதா? இல்லை. 1937இல் வால் ஹேண்ட்லி என்ற வீரர் 500 சிசி பிஎஸ்ஏ வண்டியில் அதே தடத்தை மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றி வந்து தங்க நட்சத்திரப் பதக்கம் பெற்றார். அந்தப் பதக்கத்தின் பெயரைத்தான் பிஎஸ்ஏ தன் புகழ்பெற்ற 'கோல்டு ஸ்டார்' வண்டிக்கு வைத்தது. இன்று உலகெங்கும் ரசிகர்கள் தேடி அலைகிற அந்தப் பெயர், சைலன்சர் கட்டாயமாக இருந்த ஒரு தடத்தில் பிறந்தது!

அப்படியானால் புகைக்குழாயின் வேலைதான் என்ன? புகையை வெளியே விடுவது மட்டும் அல்ல. எஞ்சினிலிருந்து புகை பாயும்போது குழாய்க்குள் அழுத்த அலை ஒன்று ஓடுகிறது. குழாயின் முனையை அடைந்ததும் அது திரும்பி வருகிறது. சரியான நேரத்தில் திரும்பி வந்தால் எஞ்சினுக்கு உதவி, தவறான நேரத்தில் வந்தால் இடைஞ்சல். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது குழாயின் நீளமும் அகலமும். ஃபோர் ஸ்ட்ரோக் பந்தய வண்டிகளில் ஊதுகுழல் போல விரிந்த 'மெகாஃபோன்' குழாய் வந்ததற்கும் காரணம் இதுவே. அது உச்ச வேகத்தில் நன்றாக இழுக்கும், கீழ்ச் சுற்றில் தடுமாறும்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் வயிறு பெருத்த புகைக்குழாயைச் செம்மைப்படுத்தினார். குழாயின் விரிந்த பகுதி புகையை உறிஞ்சுகிறது. குறுகிய பகுதியோ, தப்பி வெளியேறப் பார்க்கும் புதிய எரிபொருளை மீண்டும் எஞ்சினுக்குள் தள்ளுகிறது. 1961 வாக்கில் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத் திறனைத் தொட்டது. அதே ஆண்டு அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்று சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். 1962இல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. அதன் பின் ஜப்பானிய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் உலகத் தடங்களை ஆண்டன. நம் நாட்டு இளைஞர்களின் செல்லமான யமஹா ஆர்எக்ஸ்இசட்டும் டூ ஸ்ட்ரோக்தான். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு குழாயை வெட்டுகிறவர், எஞ்சினின் ஓர் உறுப்பையே வெட்டுகிறார்.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் போனால் வழியில் பத்து தீகா நிலையம் வரும். அந்த வட்டாரத்தில் 1968இல் ஒரு பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ அங்கேதான் நடந்தது. 1999இல் செப்பாங் வந்தது. 2000களின் தொடக்கத்தில் பத்து தீகா தடம் இடிக்கப்பட்டு, அங்கே வீடுகள் எழுந்தன. எஞ்சின்கள் முழங்கிய நிலத்தில் இன்று குழந்தைகள் தூங்குகிறார்கள். சென்னைக்கு அருகே சோழவரத்திலும் இப்படித்தான். பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்கள் முடிந்து, 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது.

தடம் ஊரை விட்டுப் போய்விட்டது. வண்டி மட்டும் தாமான் வீட்டு வாசலில் நிற்கிறது. சிக்கல் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அதை உதைத்துக் கிளப்பினால், இரவு வேலை முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்த பக்கத்து வீட்டுக்காரரின் கதி என்ன? சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வாகன ஒலிக்கான விதிமுறைகள் 1987 முதலே நம் நாட்டில் இருக்கின்றன.

வழி இருக்கிறது, நேயர்களே. முதலில் வண்டியின் எஞ்சினுக்கு உரிய நீளமும் அகலமும் கொண்ட குழாயைத் தேர்ந்தெடுங்கள். அதன் முனையில் உறிஞ்சும் வகைச் சைலன்சரைப் பொருத்துங்கள். உள்ளே துளையிட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, வெளியே உறை. புகை தடையின்றி நேராகப் போய்விடும். ஒலி துளை வழியே பஞ்சில் புகுந்து வெப்பமாகக் கரைந்துவிடும். உள்குழாயின் விட்டம் வண்டியின் வால்குழாயைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சூடேறி பிஸ்டன் இறுகிவிடும். பஞ்சில் எண்ணெய் ஊறினால் சத்தம் திரும்பி வரும், உடனே மாற்றுங்கள். குழாயை மாற்றிய பின் கார்புரேட்டரையும் சரிபாருங்கள். ஒலியை அளக்க வேண்டுமானால், குழாய் முனையிலிருந்து 50 செண்டிமீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் கருவியை வையுங்கள். பத்து டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம்தான். அசல் பந்தயக் குழாயைத் தூக்கி எறியாதீர்கள். எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். கண்காட்சிக்கும் தடத்துக்கும் அது உதவும்.

பழைய வண்டி நம் வரலாற்றின் ஒரு துண்டு. அதை வெறுக்கும் அண்டை வீட்டார் பெருகினால், நாளை சட்டம் இறுகும்; பழைய வண்டிகள் சாலையிலிருந்தே விரட்டப்படும். புரூக்லண்ட்ஸில் சைலன்சர் பந்தயத்தைக் கொல்லவில்லை, வாழ வைத்தது. நம் தாமானிலும் அது பழைய வண்டிகளை வாழ வைக்கும்.